ஆண்டெனா போனதும் கட்டி மறைகிறது: டூயல் எனர்ஜியில் எந்த கேஇவி?

கும்பகோணம், சிடி டெக்னீஷியன்
கல்லீரலில் 2 செ.மீ. கட்டி, மைக்ரோவேவ் அப்லேஷன் (கட்டியைச் சூட்டால் வேகவைத்து அழிப்பது). ஆர்ட்டீரியல் ஃபேஸில் (கான்ட்ராஸ்ட் மருந்து தமனியில் ஓடும் நேரத்துப் படத்தில்) மட்டும்தான் கட்டி தெரிகிறது. ஆண்டெனா (சூடு தரும் ஊசி) உள்ளே போனதும் முனையில் கறுப்புக் கோடு அடித்துக் கட்டியை மறைத்துவிடுகிறது. 50 கேஇவியில் (கேஇவி என்பது படத்துக்குத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்ரே ஆற்றல்) இன்னும் மோசம். மெஷின் டூயல் சோர்ஸ் (இரண்டு குழாய், இரண்டு டிடெக்டர், இரண்டு ஆற்றலில் எடுப்பது). எந்த கேஇவி வைப்பது? முடித்தபின் மிச்சக் கட்டி பார்க்க அயோடின் மேப்பை (கான்ட்ராஸ்ட்டின் அயோடின் உள்ள இடத்தை மட்டும் நிறமாகக் காட்டும் படம்) நம்பலாமா?

தஞ்சாவூர், ரேடியாலஜிஸ்ட்
தம்பி, கட்டியையும் ஊசியையும் ஒரே கேஇவியில் தேடாதீங்க. அயோடினின் கே-எட்ஜ் (எக்ஸ்ரேயை உறிஞ்சுவது சட்டென்று கூடும் ஆற்றல்) 33.2 கேஇவி. அதை நெருங்க நெருங்க கான்ட்ராஸ்ட் ஏறும், அதனால் கட்டிக்கு 40–50. உலோகத்தின் கோடும் அங்கேதான் பெருகும், அதனால் ஊசிக்கு 110–140. இரண்டும் ஒரே ஸ்கேனிலிருந்து கிடைக்கும், மறு எக்ஸ்போஷர் வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் போட்டு ஸ்லைஸைப் பூட்டிப் பாருங்க.

130-லும் கறுப்புப் பட்டை போகவில்லை என்றால் அது ஃபோட்டான் பற்றாக்குறை, அதாவது உலோகத்தைத் தாண்டி டிடெக்டருக்குப் போதிய எக்ஸ்ரே வராதது. கேஇவி ஏற்றிப் பயனில்லை. ஊசி முழுநீளமும் ஒரே ஸ்லைஸில் படுத்திருந்தால் இப்படித்தான் ஆகும். கேன்ட்ரியை (மெஷினின் வளையத்தை) சில டிகிரி சாய்க்க முடிந்தால் சாய்த்து எடுங்க. மெட்டல் ஆர்ட்டிஃபாக்ட் ரிடக்‌ஷன் (உலோகக் கோட்டைக் குறைக்கும் மென்பொருள்) போட்டால் அசல் படத்தோடு ஒப்பிடாமல் முனையை முடிவு செய்யாதீங்க. அது முனையையே கொஞ்சம் தின்றுவிடும்.

மயிலாடுதுறை, சிடி டெக்னீஷியன்
சென்டரிங்கையும் பாருங்க அண்ணே. இரண்டாவது டிடெக்டரின் வட்டம் சிறியது, புது மாடல்களிலேயே சுமார் 33–35 செ.மீ.தான். வலது ஓரக் கட்டி அதற்கு வெளியே விழுந்தால் அங்கே டூயல் எனர்ஜி விவரமே இருக்காது. ஊசி போடும் முன்பே நோயாளியை இடப்பக்கம் நகர்த்திக் கட்டியை நடுவுக்குக் கொண்டுவாங்க. போட்டபின் நகர்த்த முடியாது. ஒவ்வொரு முறையும் மூச்சை வெளியே விட்ட நிலையிலேயே நிறுத்தச் சொல்லுங்க.

தஞ்சாவூர், ரேடியாலஜிஸ்ட்
மேப்பை நம்பலாம், ஒரு விதிவிலக்கோடு. வெந்த இடத்தில் உறைந்த ரத்தம் சாதாரணப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்து மிச்சக் கட்டி என்று ஏமாற்றும். மேப்பில் அது நிறம் பிடிக்காது. மடை அடைத்த வயல் மாதிரி இருண்டிருக்கும். சுற்றிலும் மெல்லிய, சீரான வளையம் வந்தால் அது சூட்டுக்கு வந்த ரத்தப் பெருக்கு. ஒரு பக்கம் மட்டும் தடித்து முடிச்சாக நின்றால் மிச்சம். மேசையிலிருந்து இறக்கும் முன்பே மறுபடி ஊசி போட வேண்டும். கட்டியின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ. வெந்திருக்க வேண்டும்.

விதிவிலக்கு, முன்பு டேஸ் (தமனி வழியே கட்டிக்கு மருந்து செலுத்தி ரத்த ஓட்டத்தை அடைப்பது) செய்தவர்கள். உள்ளே நிற்கும் லிப்பியோடாலும் (அதில் செலுத்தும் எண்ணெய்) அயோடின்தான், மேப்பில் உயிருள்ள கட்டி போலவே ஒளிரும். அவர்களுக்குக் கான்ட்ராஸ்ட்டுக்கு முன் ஒரு ஸ்கேன் கட்டாயம் எடுத்து வையுங்க. விர்ச்சுவல் நான்-கான்ட்ராஸ்ட் (அயோடினைக் கணக்கில் கழித்து உருவாக்கும் படம்) அதற்கு ஈடாகாது, லிப்பியோடாலையும் சேர்த்துக் கழித்துவிடும்.