மறு: மோனோபாடுக்குத் தமிழ்ச் சொல் – 'ஒருகாலி' வேண்டாம்

> ட்ரைபாட் முக்காலி என்றால் மோனோபாட் ஒருகாலி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது அண்ணாச்சி. ட்ரைபாட் கேமராவைத் தாங்கும் மூன்று கால் தாங்கி, மோனோபாட் ஒற்றைக் கம்பு. 'ஒருகாலி' என்று சொன்னால் நாகர்கோவிலில் 'ஒரு காலிப்பயல்' என்றுதான் காதில் விழும். அது கிடக்கட்டும். காலை எண்ணிப் பெயர் வைத்தால், இரண்டும் ஒரே வேலைக்கான பொருள், ஒன்றுக்குக் கால் குறைச்சல் என்று ஆகிவிடுகிறது. முக்காலி தானே நிற்கும். கேமராவை அதில் மாட்டிவிட்டு நீங்கள் ஓரமாக நிற்கலாம். மோனோபாடை விட்டால் விழும். குலை தள்ளிய வாழைக்கு நம் பக்கம் கொடுக்கிற ஊன்றுகம்பு மாதிரிதான் அது: நிற்பது வாழை, சாயாமல் பார்த்துக்கொள்வது கம்பு. எனவே என் பரிந்துரை 'ஊன்றுகம்பு'. 'ஊன்றுகோல்' வயதானவர்கள் கைக்குப் போய்விட்ட சொல், அங்கேயே இருக்கட்டும். ட்ரைபாடுக்கு 'முக்காலி' ஏற்கெனவே புழங்குகிறது. உட்காருகிற முக்காலியோடு யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

> ரேஞ்ச்ஃபைண்டரைப் பற்றித் தனியாகப் பேசுவானேன் தம்பி? எந்தக் கேமராவையும் ஸ்டாண்டில் மாட்டலாமே.

மாட்டலாம். ஆனால் முக்காலிக்கும் ஊன்றுகம்புக்கும் உள்ள வித்தியாசம் ரேஞ்ச்ஃபைண்டரில்தான், அதாவது இரண்டு பார்வைகளை ஒன்றாக்கித் தூரம் பார்க்கிற கேமராவில்தான், நன்றாகத் தெரிகிறது. முட்டத்தில் சாயங்காலம், மணலில் ஏற்றி வைத்த வள்ளம் ஒன்றை எடுக்கிறோம் என்று வையுங்கள். பார்க்கிற சாளரத்தின் நடுவில் மங்கலான மஞ்சளில் சின்னதாக ஒரு கட்டம். அதற்குள் வள்ளத்தின் அணியம் (முன்முனை) இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அப்போது குவியம் (ஃபோகஸ்) சரி. அந்தக் கட்டம் நடுவில் மட்டும்தான் உண்டு. எனக்கோ வள்ளம் இடது ஓரத்தில், மிச்ச இடமெல்லாம் கடல் என்று வேண்டும். முக்காலியில் தலையின் திருகைத் தளர்த்தி, அணியத்துக்கு நேராகத் திருப்பி, குவியம் வைத்து, மறுபடி கடல் பக்கம் திருப்பி, இறுக்கவேண்டும். ஊன்றுகம்பில் இடுப்பைக் கொஞ்சம் திருப்பினால் முடிந்தது. லென்ஸ் வழியாகவே கண்ணாடியில் பார்க்கிற எஸ்.எல்.ஆர். கேமரா போல உள்ளே கண்ணாடி எகிறி அடிப்பதும் இதில் இல்லை. கம்பு இருந்தால் ஷட்டரை 1/15 நொடிக்குத் தைரியமாக வைக்கலாம்.

ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். கம்பு மேலும் கீழும் ஆடுவதைத்தான் நன்றாக நிறுத்தும், முன்னும் பின்னும் சாய்வதை அவ்வளவாக நிறுத்தாது. லென்ஸை முழுக்கத் திறந்து ஒரு மீட்டரில் எடுக்கும்போது அந்தச் சாய்விலேயே குவியம் நழுவிவிடும். மணலில் கம்பு புதையவும் செய்யும். அடியில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

அதற்காக முக்காலி வீண் என்று சொல்லவில்லை. ராத்திரி விளக்கொளியில் வள்ளுவர் சிலையைப் பல நொடிகள் திறந்து வைத்து எடுக்க வேறு வழி கிடையாது. அங்கே தூரம் முடிவிலி, குவியம் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் கையில் இருப்பது பழைய லைக்கா எம் வகை ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், ஃபிலிம் சுருள் தீர்ந்ததும் கேமராவை முக்காலியிலிருந்து கழற்றியே ஆகவேண்டும். சுருள் மாற்ற அடித்தகட்டைத் திறக்கவேண்டும், முக்காலித் திருகு ஏறுகிற துளையும் அதே தகட்டில்தான். வடிவமைத்தவர்கள் முக்காலியை எவ்வளவு மதித்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்! பழைய சோவியத் ஃபெட், சோர்க்கி கேமராக்கள் சிலவற்றில் துளை எட்டில் மூன்று அங்குலம். இன்றைய கால் அங்குலத் திருகுக்கு நடுவில் துளையைச் சிறிதாக்கும் ஒரு புஷ் போடவேண்டும். லேத் பட்டறையில் சொன்னால் கடைந்து தருவார்கள்.

> ரேஞ்ச்ஃபைண்டருக்கு 'வீச்சுகாணி' அல்லது 'தொலைவுமானி'?

'வீச்சு' குண்டுக்கும் வலைக்கும் சரி. இங்கே யாரும் எதையும் வீசவில்லை. 'மானி' என்றால் வெப்பமானி போல ஓர் எண்ணைப் படிக்கப் போகிறோம் என்று தோன்றும். இதில் எண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு சாளரங்கள் தருகிற இரண்டு பார்வைகளை ஒன்றாக்குகிறோம், தூரம் தானாக அகப்பட்டுவிடுகிறது. 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் இந்த இரண்டு சாளரங்களுக்கும் நடுவே 68.5 மி.மீ. அந்த இடைவெளி கூடக் கூடத் துல்லியம் கூடும். அதை 'அடித்தூரம்' எனலாம். ஆக, கருவிக்கு என் வாக்கு 'தொலைவுகாணி'. பேச்சிப்பாறைப் பக்கம் காணி என்றால் மலையில் வாழும் மக்கள், நில அளவிலும் ஒரு காணி உண்டு என்று அண்ணாச்சி சொல்வது சரிதான். கூட்டுச்சொல்லில் வரும்போது அந்தக் குழப்பம் வராது.

நடுவிலுள்ள கட்டத்துக்குப் 'பொட்டு' என்றே வைக்கலாம். "பொட்டில் ரெண்டா தெரியுது, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று பழகுகிற பையனிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வான். 'ஒருங்கிசைவுப் புலம்' என்று முந்தைய மடலில் வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சூரியன் விழுந்துவிடும்.

கேமராவைக் கேமராவாகவே விட்டுவிடலாம். கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்த உதவும் கேபிள் ரிலீசுக்குத்தான் இன்னும் ஒன்றும் சரியாக அமையவில்லை. 'விசைநாண்' வில் அம்பு போல இருக்கிறது, 'அழுத்துகம்பி' வைத்தால் ஊன்றுகம்போடு மோதும். வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.