ஒரு தளத்துக்கு மட்டும் பிஎச்பி அமைப்பை மாற்ற: யூசர்.ஐஎன்ஐ-யா, தனி பூலா?

முகில்வண்ணன்:
ஒரே சர்வரில் ஏழு தளங்கள். ஒன்றில் மட்டும் 40 எம்பி கோப்பு ஏற்ற வேண்டும், எல்லாத் தளங்களுக்கும் பொதுவான அமைப்புக் கோப்பு பிஎச்பி.ஐஎன்ஐ-யில் வரம்பு 2 எம்பிதான். எச்டிஅக்சஸில் (அப்பாச்சி வெப் சர்வருக்குத் தளக் கோப்புறையில் வைக்கும் அமைப்புக் கோப்பு) பிஎச்பி_வேல்யூ வரி போட்டேன், தளமே 500 பிழையோடு படுத்துவிட்டது. நிரலுக்குள்ளிருந்தே அமைப்பை மாற்றும் ஐஎன்ஐ_செட்டும் வேலைக்கு ஆகவில்லை.

ஒற்றைவரி:
அந்த எச்டிஅக்சஸ் வரி மாட்_பிஎச்பி-க்கு, அதாவது அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பி ஓடும் முறைக்கு உரியது. பிஎச்பி தனியாக ஓடும் எஃப்பிஎம் முறை இருக்கும் இடத்தில் அப்பாச்சிக்கு அது புரியாத கட்டளை. ஐஎன்ஐ_செட் ஓடுவதற்குள் கோப்பு வந்து சேர்ந்து, வரம்பும் பார்க்கப்பட்டுவிடும். தளத்தின் கோப்புகள் தொடங்கும் முதன்மைக் கோப்புறையில் .யூசர்.ஐஎன்ஐ வைத்து அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் (ஒரு கோப்பின் வரம்பு) 40எம், போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் (முழுக் கோரிக்கையின் வரம்பு) அதைவிடக் கொஞ்சம் கூட, 48எம் என்று கொடுங்கள். ரூட்டும் (சர்வரின் முழு நிர்வாகி உரிமை) வேண்டாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். பிஎச்பி 5.3-இலிருந்தே இருக்கிற வசதி.

பூல்காவலன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். தளத்துக்குள் எழுத முடிந்த எவனும் அந்தக் கோப்பை மாற்றலாம். ஆட்டோ_ப்ரிபெண்ட்_ஃபைல் என்று ஒரு வரி சேர்த்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் அவன் நிரல் ஓடும். எஃப்பிஎம்-இல் அந்தத் தளத்துக்கென்று தனி பூல் (அதற்கு மட்டும் ஓடும் பிஎச்பி செயல்களின் குழு) போட்டு பிஎச்பி_அட்மின்_வேல்யூ கொடுத்தால் நிரலுக்குள்ளிருந்து யாரும் அசைக்க முடியாது.

ஒற்றைவரி:
உள்ளே எழுத முடிந்தவன் நேராக ஒரு பிஎச்பி கோப்பையே வைத்துவிட்டுப் போவானே, ஐஎன்ஐ எதற்கு? அப்புறம், ஏழு பூல் என்றால் சின்ன விபிஎஸ்-இல் (வாடகை மெய்நிகர் சர்வர்) ரேம் என்ன ஆவது?

பூல்காவலன்:
ஆன்டிமாண்ட் (ஆள் வந்தால் மட்டும் பிஎச்பி செயலைத் தொடங்கும் முறை) வைத்தால் ஆள் வராத பூல் சும்மா கிடக்கும். பிஎச்பி கோப்பைத் தடுக்கிற அப்லோட் வடிகட்டி ஐஎன்ஐ-யைத் தடுக்க மறந்திருக்கும், அந்தக் கோப்புறையில் ஏற்கனவே ஒரு இன்டெக்ஸ்.பிஎச்பி இருந்தால் கதை முடிந்தது. நான் பொது பிஎச்பி.ஐஎன்ஐ-யில் யூசர்_ஐஎன்ஐ.ஃபைல்நேமைக் காலியாக வைத்து அந்த வசதியையே மூடி வைத்திருக்கிறேன்.

முகில்வண்ணன்:
சண்டை இருக்கட்டும். .யூசர்.ஐஎன்ஐ போட்டேன், இன்னும் 2 எம்பிதான் காட்டுகிறது.

ஒற்றைவரி:
ஐந்து நிமிடம் பொறுங்கள். பிஎச்பி அந்தக் கோப்பை ஒருமுறை படித்து நினைவில் வைத்திருக்கும் கேஷ் இயல்பாக 300 விநாடி.

முகில்வண்ணன்:
அமைப்புகளைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தில் 40 வந்துவிட்டது! ஆனால் கோப்பை ஏற்றினால் இப்போது 413 (கோரிக்கை மிகப் பெரிது) பிழை.

பூல்காவலன்:
அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர் நிற்கிறது. அதன் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் இயல்பில் 1 எம்பி. அதை மாற்ற ரூட் வேண்டும், "ரூட் வேண்டாம்" என்றவரைக் கேளுங்கள்.

ஒற்றைவரி:
சரி, அந்த ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஆனால் பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவனுக்கு உங்கள் பூல் கண்ணாலும் படாது.

முகில்வண்ணன்:
என்ஜின்எக்ஸில் அந்தத் தளத்துக்கான சர்வர் பிளாக்கில் 50 எம்பி கொடுத்தேன், ஏறிவிட்டது. ரூட் கையில் இருப்பதால் இந்த வாரம் தனி பூலுக்கு மாற்றுகிறேன்.