சி டிரைவில் கணக்கில் வராத இடம் எங்கே போகிறது?

கேள்வி (சுங்கை சிப்புட்)
வணக்கம். எங்கள் தோட்டக் கோயிலின் கணக்குகளும் திருவிழாப் படங்களும் ஒரு பழைய மடிக்கணினியில் உள்ளன. விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது; ஆனால் அதிலுள்ள எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து அளவு பார்த்தால் 85 ஜிபிகூடத் தேறவில்லை. மீதியை மறைந்த கோப்புகள்தாம் பிடித்திருக்கின்றன என்றால், எவற்றை அச்சமின்றி அழிக்கலாம்?

பதில் 1
128 ஜிபி என்று விற்கப்படும் வட்டை விண்டோஸ் ஏறத்தாழ 119 ஜிபி என்றே காட்டும். விற்பவர் 1000ஆல் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது; அந்த வேறுபாடுதான் அது, தேடிப் பயனில்லை. 'வியூ' பகுதியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தெரிவு செய்வது போதாது. 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' சென்று, பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவையும் நீக்கினால்தான் 'ஹைபர்ஃபில்', 'பேஜ்ஃபைல்' ஆகிய இரண்டும் கண்ணில் படும். 'ஹைபர்ஃபில்' என்பது ஹைபர்னேஷனுக்கான கோப்பு; திறந்திருக்கும் வேலையை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பதே ஹைபர்னேஷன். அது வழக்கமாக ரேமில் 40 விழுக்காடு, அதாவது உங்களுக்கு 3 ஜிபிக்குச் சற்று மேல். ஹைபர்னேஷனை நிறுத்தினால் அது தானே மறைந்துவிடும். ரேம் போதாதபோது உதவும் 'பேஜ்ஃபைல்' இருக்கட்டும்.

பதில் 2
முன்னவர் சொன்னது சரியே. ஆனால் பேட்டரி பழுதாகி, மின்கம்பியை நம்பியே ஓடும் கணினியாக இருந்தால் ஹைபர்னேஷனை நிறுத்துமுன் யோசியுங்கள். வேலையை ரேமில் மட்டும் வைத்திருக்கும் ஸ்லீப் நிலையில் இருக்கும்போது இடிமழையில் மின்சாரம் போனால், சேமிக்காத கணக்கும் போய்விடும்.

அதோடு, 3 ஜிபி உங்கள் புதிரை விடுவிக்காது. எனக்கு 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' மீதுதான் ஐயம். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரெஸ்டோர் பாயிண்டுகள் அதற்குள் சேருகின்றன. சாதாரணப் பயனருக்கு அக்கோப்புறை திறக்காது என்பதால் அதன் அளவும் உங்கள் கூட்டலில் வராது. 'விஸ்ட்ரீ' போன்ற மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் உண்மை அளவு தெரியும். கையால் அழிக்காமல், 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' பகுதியில் அதற்கான உச்ச அளவைக் குறையுங்கள்.

விண்டோஸ் தன் உறுப்புக் கோப்புகளை வைத்திருக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' கோப்புறையின் அளவைக் கண்டு மலைக்க வேண்டாம். அதிலுள்ள பல கோப்புகள் வேறிடத்திலும் அதே கோப்பாகவே இணைக்கப்பட்டிருப்பதால் இரட்டிப்பாக எண்ணப்படுகின்றன. அதில் கைவைத்தால் விண்டோஸே படுத்துவிடும். 'டிஸ்க் கிளீனப்' வழியாக அப்டேட் மிச்சங்களை மட்டும் நீக்குங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. ரெஸ்டோர் பாயிண்டுகளே 19 ஜிபி பிடித்திருந்தன. உச்ச அளவை 5 விழுக்காடாகக் குறைத்துவிட்டேன். ஹைபர்னேஷனைத் தொடவில்லை, பேட்டரி நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது.

பதில் 1
நல்லது. மறைக்கும் தெரிவை மீண்டும் இட்டுவிடுங்கள். பலர் புழங்கும் கணினியில் அக்கோப்புகள் வெளியே தெரியக் கூடாது.