ஏற்காட்டில் குழாய்ப்புழுப் புதைபடிவம் கிடைக்குமா?

கேள்வி: அரியலூர்ப் பக்கத்துக் கல் ஒன்று, கைப்பிடி அளவு. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் நூற்றுக்கணக்கான குழாய்கள் சேமியாக் கட்டு மாதிரி ஒட்டியிருக்கின்றன. பவளமா, புழுவா? சேலத்தில் இது கிடைக்குமா? வினிகரில் கழுவலாமா?

பதில் 1: வினிகர் வேண்டவே வேண்டாம், பாத்ரூம் ஆசிட்டும் கூடாது! குழாயே சுண்ணாம்புதான், மண்ணோடு சேர்ந்து அதுவும் கரைந்துவிடும். உடைந்த முனையைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். உள்ளே சக்கர ஆரம் போலத் தடுப்புகள் இருந்தால் பவளம். வெறும் துளையாகவோ சேறு அடைத்தோ இருந்தால் செர்புலிட், அதாவது சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் கடல் புழு. புழுவின் உடல் மெத்து, அது மிஞ்சாது. அது கட்டிய வீடுதான் இது. சில இனங்கள் உடல் பிரிந்து பெருகுவதால்தான் இப்படிக் கொத்தாக வளரும்.

பதில் 2: ஏற்காட்டில் தேடாதீர்கள். அது சார்னோகைட், ஆழத்தில் வெந்த பாறை. வயது 250 கோடி ஆண்டுகளை ஒட்டியது. உங்கள் அரியலூர்க் கல்லின் காலமான கிரெட்டேசியஸ் முடிந்ததே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சேலத்தின் ‘சாக் ஹில்ஸ்’ (சுண்ணாம்புக் குன்றுகள்) என்ற பெயரும் ஏமாற்றும்: அந்த வெள்ளைக் கல் மேக்னசைட் என்ற மெக்னீசியக் கனிமம், கடல் சுண்ணாம்பு அல்ல.

பதில் 3: சுத்தம் செய்ய முதலில் ஒரு ஓரத்தில் மட்டும் தண்ணீர் வைத்துப் பாருங்கள். களிமண் கல் என்றால் ஊறி உதிரும். அப்போது உலர்ந்த பிரஷ், மூங்கில் குச்சி போதும். அப்படியும் உதிர்ந்தால், கல்லை இறுக்கிப் பிடிக்க, அசிட்டோனில் 5 சதவீதம் பாரலாய்ட் பி-72 (ஒரு அக்ரிலிக் பிசின்) கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஈரம் இருந்தால் வெள்ளை பூக்கும், நன்றாக உலர்த்திய பிறகே செய்யுங்கள். எடுத்த ஊர்ப்பெயரை எழுதி வையுங்கள்.