கூட்டாளியின் பெயரைத் தடைப்பட்டியலில் தேடுவது அவசியமா?

பரிதி:
அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுக்குழு நடத்துகிறேன். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றோடு கூட்டு ஆய்வு தொடங்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஏழு வாரமாகக் கோப்பு முடங்கிக் கிடக்கிறது. அந்த வெளிநாட்டு ஆய்வகத்தில் இருக்கும் ஒருவரின் பெயர், அமெரிக்க அரசின் தடைப்பட்டியலில், அதாவது உரிமமின்றி எதையும் அனுப்பக்கூடாதவர்களின் பட்டியலில், இருக்கும் ஒரு பெயரோடு ஒத்துப்போகிறதாம். நாங்கள் ஒரு திருகாணியைக்கூட அனுப்பப்போவதில்லை. முடிவுகள் எல்லாம் ஆய்விதழில் வெளிவரும். அடிப்படை ஆய்வுக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கும்போது இந்தச் சல்லடை எதற்கு?

கயல்:
விலக்கு ஆய்வின் முடிவுகளுக்குத்தான், கருவிகளுக்கு அல்ல. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவெல் வளாகம் பாகிஸ்தான் விண்வெளி நிறுவனமான சுபார்கோவுக்கு வளிமண்டலத்தை ஆராயும் கருவியை அனுப்பியது. வழக்கமாக உரிமம் தேவைப்படாத பொருள்தான். ஆனால் வாங்கிய நிறுவனம் அமெரிக்க வணிகத்துறையின் தடைப்பட்டியலில் இருந்தது. 2013இல் ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். பொருள் சாதாரணமானது என்பது அங்கே கைகொடுக்கவில்லை.

பரிதி:
அது பொருள் அனுப்பிய கதை. என் கவலை வேறு. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அதே பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரியில்தான் நீக்கினார்கள். கால் நூற்றாண்டு! அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் ஆபத்தானவர்களா? நாடுகளின் சண்டைக்கு ஆய்வாளர்கள் ஏன் பலியாக வேண்டும்?

கயல்:
அந்த வேதனை எனக்கும் உண்டு. பட்டியலில் இருப்பது குற்றத்தீர்ப்பு அல்ல. உரிமம் வேண்டும் என்ற அறிவிப்பு. நீங்கள் சொன்ன நீக்கமே பட்டியல் மாறிக்கொண்டிருப்பதற்குச் சாட்சி. ஒப்பந்தத்தன்று ஒருமுறை பார்த்தால் போதாது. எதையும் அனுப்பாவிட்டாலும் தப்பிவிட முடியாது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொழில்நுட்பத்தை அமெரிக்காவுக்குள்ளேயே வெளிநாட்டவரிடம் பகிர்ந்தால் அதுவும் ஏற்றுமதிதான். டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரீஸ் ராத், ஆளில்லா விமானம் தொடர்பான விமானப்படை ஆய்வுத் தரவுகளைச் சீன, ஈரானிய மாணவர்களிடம் பகிர்ந்ததற்காகவும் தண்டிக்கப்பட்டார். 2009இல் கிடைத்தது நான்கு ஆண்டுச் சிறை.

முகில்:
இத்தகைய அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பரிதி ஐயா, உங்கள் கோப்பு நிற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, எழுத்துக்கூட்டலால். சீன மொழியில் வெவ்வேறாக எழுதப்படும் பெயர்கள் ரோமன் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. நம் பெயர்களையே பாருங்கள்: தந்தையின் பெயர் ஒரு படிவத்தில் முதலெழுத்து, இன்னொன்றில் குடும்பப்பெயர். மென்பொருள் எல்லாவற்றையும் சந்தேகத்துக்குரிய பொருத்தமாகக் காட்டும். அவர் பெயரைத் தாய்மொழி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறை, முகவரி, முந்தைய பணியிடங்களையும் சேர்த்து அனுப்புங்கள். வேறு ஆள் என்று அவற்றை வைத்துத்தான் எங்களால் தீர்க்க முடியும்.

பரிதி:
இன்றே கேட்கிறேன். ஆனால் இதை முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டிருக்கலாமே? கோப்பு எதற்காக நிற்கிறது என்று ஒரு வரி எழுத ஏழு வாரமா? சரிபார்ப்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். காரணம் சொல்லாமல் நிறுத்தி வைப்பதை ஏற்கமாட்டேன்.

முகில்:
அந்தக் குறை எங்கள் பக்கம்தான்.