ஐ-130: பாஸ்போர்ட்டில் ‘யி’, மொழிபெயர்ப்பில் ‘லீ’

தம்பி அமெரிக்க ராணுவத்தில். பணி தென் கொரியாவின் பியோங்டெக்கில். அங்கே பழகிய கொரியப் பெண்ணோடு மார்ச்சில் திருமணம் பதிவானது. கே-1 விசா நிச்சயமானவர்களுக்குத்தான், மணமான இவர்களுக்கு ஐ-130, அதாவது மனைவியை அமெரிக்காவுக்கு அழைக்கும் குடியேற்ற மனு. செப்டம்பரில் தம்பிக்கு மாற்றல். வெளிநாட்டுத் தளத்தில் இருக்கும்போதே அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் கொடுத்துவிட்டால் நல்லது.

சிக்கல் அவளுடைய குடும்பப்பெயரில். கொரிய எழுத்து ஒன்றேதான். ஆனால் பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் ‘யி’ என இருக்க, திருமணத் தகுதி உறுதிமொழியில் (மணம் செய்யத் தடையில்லை என்று தரும் ஆவணம்) தம்பி ‘லீ’ என எழுதிவிட்டான். திருமணச் சான்றை மொழிபெயர்த்தவரும் அதையே பார்த்து ‘லீ’ போட்டிருக்கிறார்.

விரிவான திருமணச் சான்று மறுபடி எடுத்தாயிற்று, கொரிய மூலத்தில் பிழையில்லை. மொழிபெயர்த்தவர் திருத்த மறுக்கிறார். தூதரகத்துக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறோம்.

இதே நிலையில் தாக்கல் செய்தவர்கள் சொல்லுங்கள்: வேறொருவரிடம் பாஸ்போர்ட் எழுத்துப்படி புதிதாக மொழிபெயர்த்து வாங்கினால் போதுமா, ‘இரு பெயரும் ஒருவரே’ என்ற உறுதிமொழியும் இணைக்கவேண்டுமா?