வளர்ச்சிக் காரணியா, வளர்ச்சித்தூண்டியா?

அனைவருக்கும் வணக்கம்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் (tendon) காயம் ஆறுவதைப் பற்றிய கட்டுரைக்கு, செல்களை வளரத் தூண்டும் புரதமான ‘growth factor’ என்பதற்குக் கலைச்சொல் கேட்டிருந்த அம்மையாருக்கு, ‘வளர்ச்சிக் காரணி’ என்பதே போதும் என்று இருவர் விடையளித்திருந்தீர்கள். அச்சொல் வேரூன்றிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இயன்முறை மருத்துவப் பணியில் அதை நோயாளிகளிடம் பலமுறை சொல்லிப் பார்த்தவன் என்ற முறையில், மாற்றுச்சொல் தேவை என்றே கருதுகிறேன்.

“நீரிழிவு, தசைநாண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் ஒரு காரணி, குருதியை உறையவைக்கும் தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணி ஆறும் பணியைத் தொடங்கிவைக்கிறது” என்று எழுதிப் பாருங்கள். முன்னது ஒரு நிலைமை. பின்னது குப்பியில் அடைக்கத்தக்க புரதம். இந்தக் குழப்பம் ஆங்கிலத்தின் ‘factor’ என்ற சொல்லிலேயே தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் நரம்பியல் அறிஞர் ரீட்டா லெவி-மொன்டால்சினி, சுண்டெலியின் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் பதித்தபோது நரம்பிழைகள் அளவிறந்து வளரக் கண்டார். அதைச் செய்த பொருள் இன்னதென்று விளங்காத காலத்தில் வைத்த பெயர் அது. அது புரதம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1986இல் அவரும் உடன் ஆய்வுசெய்த உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹனும் நோபல் பரிசு பெற்றனர். பொருள் விளங்கிய பின்னும் விளங்காத காலத்துப் பெயரையே நாம் பெயர்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

குதிகால் தசைநாண் அறுந்தவுடன் குருதிக்கட்டியில் சிக்கிய தட்டணுக்கள் இப்புரதங்களை வெளியிடுகின்றன. ஒன்று செல்களைக் காயத்துக்கு அழைக்கிறது. ஒன்று அவற்றைப் பெருகவும், தசைநாணின் நார்ப்புரதமான கொலாஜனை உண்டாக்கவும் ஏவுகிறது. மற்றொன்று, இயல்பாகவே குருதியோட்டம் குறைந்த அவ்விடத்துக்குப் புதுக் குழல்களை வருவிக்கிறது. முதலில் ஒழுங்கற்றுப் படியும் மூன்றாம் வகைக் கொலாஜன், மாதக்கணக்கில் முதல் வகைக்கு இடங்கொடுக்கிறது. இப்புரதங்களில் எதுவும் தானே இழையாக மாறுவதில்லை. செல்லின் ஏற்பியை (receptor) தொட்டு, செல்லைச் செய்யவைக்கிறது. குத்துவிளக்கின் தூண்டுகோல் செய்வதும் அதுவே: எரிவது எண்ணெய், கோல் திரியை நகர்த்துகிறது, அவ்வளவுதான். திரியை மிகத் தூண்டினால் விளக்குப் புகைவதைப் போல, இவற்றுள் உருமாற்ற வகைப் புரதம் (transforming growth factor) மிகுந்தால் தழும்பு தடித்து, விரலை மடக்கும் தசைநாண் தன் உறையோடு ஒட்டிக்கொள்கிறது. தையல் நன்றாக இருந்தும் விரல் மடங்குவதில்லை.

ஆகவே ‘தூண்டி’ என்பதை முன்மொழிகிறேன். ‘வளர்ச்சி ஊக்கி’ என்ற பரிந்துரையை ஏற்கத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உழவர்களிடம் அது பயிருக்குத் தெளிக்கும் மருந்தாகவே வழங்குகிறது. மேலும், ‘ஊக்கி’ பயனை உறுதிசெய்வதுபோல் ஒலிக்கிறது. தட்டணு செறிந்த குருதிநீரை (PRP) ஊசியாகப் போடச் சொல்லி வருபவர்களுக்கு அந்த நம்பிக்கையைச் சொல்லிலேயே வைத்துக் கொடுப்பது முறையன்று. நாட்பட்ட குதிகால் தசைநாண் வலியுள்ள 54 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அவ்வூசி உப்புநீர் ஊசியைவிடக் கூடுதல் பயன் தரவில்லை.

‘வளர்தூண்டி’ சுருக்கமாக இருப்பினும், ‘வளர்பிறை’யைப் போல வினைத்தொகையாகி, வளர்கின்ற தூண்டி என்று பொருள்பட்டுவிடும். ‘வளர்ச்சித்தூண்டி’யில் அவ்விடர் இல்லை, ‘தட்டணுவழி வளர்ச்சித்தூண்டி’, ‘இன்சுலின்போலி வளர்ச்சித்தூண்டி’, ‘உருமாற்ற வளர்ச்சித்தூண்டி’ என்று தொடர்களிலும் அது இடறாமல் நிற்கிறது. இயற்பியலின் ‘மின்தூண்டி’ (inductor) முன்னொட்டோடு வருவதால் மோதாது. குருதி உறைவில் ‘எட்டாம் காரணி’ (factor VIII) நிலைபெற்றுவிட்டதால் அதைத் தொட வேண்டியதில்லை.

இன்னொரு வேண்டுகோள்: கட்டுரை முழுவதும் ‘தசைநாண்’ என்றே எழுதுங்கள். ‘தசைநார்’ என்பதைச் செய்தித்தாள்கள் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாருக்கும் வழங்குகின்றன. நோயாளிகளோ குதிகாலின் பின்புறத்தைத் தொட்டுக்காட்டி, “இந்த நரம்புதாங்க அறுந்துபோச்சு” என்கிறார்கள். தசையின் இழுவையை எலும்புக்குக் கடத்தும் அவ்வுறுப்புக்கு, வில்லின் நாணைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை.

கொலாஜனை உண்டாக்கும் செல்லுக்கு (fibroblast) ‘நாரரும்பர்’, ‘நார்முன்செல்’ ஆகிய இரண்டில் எது ஏற்றது என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.